கட்டணமில்லா மருந்துச்சீட்டு: வேல்ஸ் அரசின் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் மருத்துவரைப் பார்ப்பதற்குப் பணம் கிடையாது என்பது நம்மவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அவர் எழுதித் தரும் மருந்துக்குப் பணம் உண்டா இல்லையா என்பது, நீங்கள் குடியிருக்கும் ஊர் எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்கு வேலை மாற்றி வரும்வரை பலர் அறிவதில்லை. 2007 ஏப்ரல் 1 முதல் வேல்ஸில் எந்த மருந்துச்சீட்டுக்கும், எந்த வயதினருக்கும், எந்த வருமானம் உள்ளவருக்கும் கட்டணம் இல்லை. வடக்கு அயர்லாந்து 2010இலும் ஸ்காட்லாந்து 2011இலும் இதே வழிக்கு வந்தன. இங்கிலாந்தில் மட்டும் 2024 மே மாதத்திலிருந்து மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு என்ற கட்டணம் நிற்கிறது. இந்தச் சேவையைப் பயன்படுத்துபவனாகவும், இதைக் கொண்டுவந்த தொழிற்கட்சி (லேபர்) பின்னர் லண்டனில் ஆட்சிக்கு வந்து நடந்துகொண்ட விதத்தைக் கவனித்து வருபவனாகவும் இதை மதிப்பிட விரும்புகிறேன். பிரிட்டனின் ஓர் உட்பகுதியை ஆளும் அரசு இடதுசாரிக் கொள்கையை நடைமுறையில் எப்படி நடத்திக் காட்டியது என்பதையும், அதிலிருந்து அதன் தேசியக் கட்சி எதைக் கற்றது, எதைக் கற்கத் தவறியது என்பதையும் இந்த ஒரு சேவையை வைத்தே பெருமளவுக்குச் சொல்லிவிடலாம்.

முதலில் மருந்தக மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வேல்ஸின் தலைநகரான கார்டிஃபின் எந்தத் தெருமுனை மருந்தகத்திலும் பணியாளர் உங்கள் பெயரையும் முகவரியின் முதல் வரியையும் கேட்பார். பின்னாலுள்ள அடுக்கிலிருந்து பெயர்ச்சீட்டு ஒட்டிய வெள்ளைக் காகிதப் பையை எடுத்துத் தருவார். அத்துடன் வேலை முடிந்தது. இதே வேலை எல்லைக்கு அப்பால் பிரிஸ்டலில் நடந்தால், கட்டண விலக்கு உண்டா என்ற கேள்வி முதலில் வரும். உண்டென்றால் எந்தப் பிரிவின் கீழ் என்று சீட்டின் பின்புறக் கட்டங்களில் குறியிட்டுக் கையொப்பம் இட வேண்டும்; தவறான கட்டத்தில் குறியிட்டது பின்னர் தெரியவந்தால் 100 பவுண்டு வரை அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். ஏமாற்ற எண்ணாமல், சான்றிதழ் காலாவதியானதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கும் அந்தக் கடிதம் வருகிறது.

இங்கிலாந்தின் விலக்குப் பட்டியல் தனியே பேசப்பட வேண்டிய ஒன்று. நாள்பட்ட நோயாளிகளுக்கான அந்தப் பட்டியல் 1968இல் வகுக்கப்பட்டது; 2009இல் புற்றுநோய் சேர்க்கப்பட்டதைத் தவிரப் பெரிய மாற்றம் எதையும் அது காணவில்லை. மருந்து உட்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு விலக்கு உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, வலிப்பு நோய் ஆகியவற்றுக்கும் உண்டு. அவர்களுக்கு நோயோடு தொடர்பில்லாத மருந்துகளும் இலவசமே. ஆஸ்துமாவுக்கு விலக்கு இல்லை. பார்க்கின்சன் நோய்க்கு இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நுரையீரல் நோய்க்கும் இல்லை. கடைசியாகச் சொன்ன நோய் விடுபட்டதற்கான காரணம் கொடுமையானது: அந்நோயுள்ள குழந்தைகள் வளர்ந்து, மருந்துக்குப் பணம் கட்டும் வயதை எட்டுவார்கள் என்று 1968இல் யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்று அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். பட்டியல் அப்படியே இருக்கிறது.

ஆஸ்துமா உள்ள ஒருவருக்குப் பொதுவாக இரண்டு உறிஞ்சிகள் (இன்ஹேலர்) எழுதித் தரப்படும்: அன்றாடம் எடுக்க வேண்டிய பழுப்பு நிற ஸ்டீராய்டு உறிஞ்சி ஒன்று, மூச்சு இறைக்கும்போது எடுக்க வேண்டிய நீல நிற உறிஞ்சி ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து 19.80 பவுண்டு. மாதக் கடைசியில் கையில் பணம் குறைவாக இருப்பவர் இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குவதானால், உடனே மூச்சை விடுவிக்கும் நீலத்தைத்தான் வாங்குவார்; நோயை அடக்கி வைக்கும் பழுப்பு மேசையிலேயே தங்கிவிடும். கட்டணத்தால் மருத்துவமனைச் செலவு கூடுகிறது என்ற வாதத்தின் அடிப்படை இதுதான். வேல்ஸில் இந்தத் தெரிவுக்கே இடமில்லை. ஆண்டுக்கு 114.50 பவுண்டு முன்கூட்டிக் கட்டினால் எத்தனை மருந்தும் வாங்கலாம் என்ற ஏற்பாடு இங்கிலாந்தில் இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டை அறிந்து பயன்படுத்துவோரும், கட்டணத்தால் மருந்தைக் கைவிடுவோரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள்.

‘கோடீசுவரனுக்கும் பாராசிட்டமால் இலவசமா?’ என்ற எதிர்வாதம் வேல்ஸில் தொடக்கத்திலிருந்தே எழுந்தது. பழமைவாதக் கட்சியினர் ஒரு காலத்தில் வசதியுள்ளவர்களிடம் மீண்டும் கட்டணம் வாங்க வேண்டும் என்றே பேசினார்கள். இதற்கான பதில் இங்கிலாந்தின் கணக்கிலேயே உள்ளது. அங்கு வழங்கப்படும் மருந்துகளில் சுமார் 90 சதவீதம் ஏதாவது ஒரு விலக்கின் கீழ் இலவசமாகவே போகின்றன. மீதிப் பத்து சதவீதத்தின் மீது விழும் கட்டணம் 60 கோடி பவுண்டுக்கு மேல் ஈட்டித் தருகிறது. சிறு தொகை என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதைக் கட்டுபவர்களில், உதவித்தொகை பெறும் அளவுக்கு ஏழைகளாகவும் இல்லாத, கட்டணம் உறைக்காத அளவுக்கு வசதியாகவும் இல்லாத கூலித் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். கோடீசுவரனின் பாராசிட்டமாலைத் தடுக்க எடுத்த வேலியில் சிக்குபவர் கிடங்கில் பெட்டி தூக்குபவர்தான்.

இந்தச் சேவை வேல்ஸில் தோன்றியதற்கு ஒரு வரலாற்றுப் பொருத்தம் உண்டு. சுகாதாரச் சேவையை 1948இல் நிறுவிய அனைரின் பெவன், ட்ரெடீகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப் பற்களுக்கும் கட்டணம் விதிக்கத் தம் கட்சியின் நிதியமைச்சரே முடிவு செய்தபோது, 1951 ஏப்ரலில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். அவரோடு சேர்ந்து பதவி விலகிய இளைஞர் ஹரால்ட் வில்சன். அந்த வில்சன் பிரதமரானதும் 1965இல் மருந்துச்சீட்டுக் கட்டணத்தை ஒழித்தார். பவுண்டின் மதிப்பைக் குறைக்க நேர்ந்த நெருக்கடிக்குப் பின், 1968இல் அவரே அதைத் திரும்பக் கொண்டுவந்தார். முன்னே சொன்ன விலக்குப் பட்டியல் அந்தப் பின்வாங்கலின் விளைவு. தொழிற்கட்சிக்கு இந்தக் கட்டணம் நெடுங்காலமாகவே உள்ளூர உறுத்திய விஷயம் என்பது இதிலிருந்து விளங்கும்.

1997 பொதுவாக்கெடுப்பில் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் உயிர் பிழைத்த வேல்ஸின் அதிகாரப் பகிர்வு, அதாவது சுகாதாரம், கல்வி போன்றவற்றை வேல்ஸே நடத்திக்கொள்ளும் ஏற்பாடு, 1999இல் ஒரு பேரவையாக உருப்பெற்றது. லண்டனில் தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேர் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் ஒன்றோடொன்று போட்டியிடச் செய்து திருத்த முயன்ற காலம் அது. வேல்ஸின் முதல் அமைச்சர் ரொட்ரி மோர்கன் 2002 டிசம்பரில் ஸ்வான்சீயில் ஆற்றிய உரை அந்த வழியை மறுத்தது. லண்டனுக்கும் வேல்ஸுக்கும் இடையே ‘தெளிந்த செந்நீர்’ ஓடுகிறது (சிவப்பு இடதுசாரிகளின் நிறம்; நாங்கள் லண்டனைவிட இடப்பக்கம் என்பது பொருள்) என்ற தொடர் அந்த உரையால்தான் பிரபலமாயிற்று. முன்னதாகப் பத்திரிகைகளுக்குத் தரப்பட்ட பிரதியில் இருந்த அத்தொடரை அவர் மேடையில் சொல்லவே இல்லை என்பது ஒரு சுவையான செய்தி. உரையைத் தயாரித்ததில் முக்கியப் பங்காற்றிய ஆலோசகர் மார்க் டிரேக்ஃபோர்ட், பின்னர் 2018 முதல் 2024 வரை தாமே முதல் அமைச்சராக இருந்தார். உரையின் சாரம் எளியது: தகுதி பார்த்துத் தருவதைவிட எல்லோருக்கும் தருவது, நுகர்வோராக நடத்துவதைவிடக் குடிமக்களாக நடத்துவது, போட்டியைவிட ஒத்துழைப்பு. 60 வயதானவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம், அருங்காட்சியகங்களில் இலவச நுழைவு, தொடக்கப் பள்ளிகளில் இலவசக் காலை உணவு, மருத்துவமனை வளாகங்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் நீக்கம், மருந்துச்சீட்டு என ஒவ்வொன்றாக வந்தன.

கொள்கைக்கு முழு மதிப்பெண் தரலாம். அதைச் செயல்படுத்தும் பொறியமைப்புக்கு அப்படித் தர முடியாது. மருந்துச்சீட்டைக் கணினி வழியே மருந்தகத்துக்கு அனுப்பும் முறையை இங்கிலாந்து 2005லேயே தொடங்கிவிட்டது. வேல்ஸில் அப்படிப்பட்ட முதல் சீட்டு வடகடலோர ஊரான ரில்லில் அனுப்பப்பட்டது 2023 நவம்பரில். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிலும், அதன் பின்னர் இம்முறை ஊர் ஊராகப் பரவும்வரையிலும், மருத்துவர் பச்சைக் காகிதத்தில் அச்சிட்டு மையால் கையொப்பமிட, அதை நோயாளியோ மருந்தக ஊழியரோ நேரில் சென்று எடுத்துவர வேண்டியிருந்தது. மாதாமாதம் ஒரே இரத்த அழுத்த மாத்திரையை வாங்குபவருக்கும் இதே நடைமுறைதான். காகிதம் மருத்துவமனை அலுவலகத்துக்கும் மருந்தகத்துக்கும் இடையில் எங்கோ மாட்டிக்கொண்டு, இரண்டு இடங்களிலும் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வந்த அனுபவம் எனக்கும் உண்டு. மருந்துக்குக் காசு வாங்க மாட்டோம் என்று முடிவெடுக்க ஒரு சட்ட ஆணை போதும்; மருந்து நேரத்துக்குக் கைக்கு வரக் கணினி, ஆள், மேற்பார்வை, விடாப்பிடி எல்லாம் வேண்டும். முதலாவதில் வேல்ஸ் அரசு முன்னோடி, இரண்டாவதில் மந்தம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கண் சிவப்பு, ஒவ்வாமைச் சளி, வாய்ப்புண் போன்ற சில்லறை உபாதைகளுக்கு மருத்துவரிடம் போகாமல் மருந்தாளரையே தனியறையில் பார்த்து, இலவசமாக மருந்து பெற்றுக்கொள்ளும் திட்டம் வேல்ஸில் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. இருபதுக்கும் மேற்பட்ட உபாதைகள் அதில் அடங்கும். இங்கிலாந்து இதே போன்ற ஏற்பாட்டை 2024 ஜனவரியில்தான், அதுவும் ஏழு நோய்களுக்கு மட்டும், தொடங்கியது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் நேரத்துக்குப் போராடியவர்கள் இந்தச் சேவையின் அருமையை அறிவார்கள். என் பார்வையில், வேல்ஸ் மருந்தகச் சேவையிலேயே மிகச் சிறந்த பகுதி இதுவே. அரசியல் மேடைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

மருந்தகத்தைக் கடந்து மருத்துவமனைக்குப் போனால் படம் மாறுகிறது. 2024 இறுதியில் வேல்ஸில் சிகிச்சைக்காகக் காத்திருந்த பதிவுகள் ஏறத்தாழ 8 லட்சம்; ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கலாம் என்பதால் ஆட்கள் 6 லட்சத்தையொட்டி இருக்கும். மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 32 லட்சம்தான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பதை இங்கிலாந்து அநேகமாக ஒழித்துவிட்ட நிலையில், வேல்ஸில் அப்படிப்பட்ட பதிவுகள் அப்போது 20,000க்கு மேல் இருந்தன. முதியோர் விகிதம் கூடுதல், சுரங்க வேலை விட்டுச்சென்ற நுரையீரல் நோய்கள், பழைய கட்டடங்கள் என்று காரணங்கள் உண்டு, அவை உண்மையானவை. ஆனால் இடுப்பு மூட்டு அறுவைக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு, வலி மாத்திரை மட்டும் இரண்டு ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கிறது என்பதை எந்தக் காரணமும் ஆறுதலாக்கிவிட முடியாது.

பள்ளிக்கல்வியிலும் இந்தக் குறை தெரிகிறது; அங்கு நேரடி அனுபவம் எனக்கு இல்லையாதலால் சுருக்கமாகவே சொல்கிறேன். பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுவதை வேல்ஸ் 2001இல் நிறுத்தியது. அதனால் தேர்ச்சி குறைந்தது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பொருளியலாளர்களின் ஆய்வு பின்னர் காட்டியது. பதினைந்து வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில், 2022ஆம் ஆண்டு, வாசிப்பில் இங்கிலாந்து 496 புள்ளிகள் எடுக்க, வேல்ஸ் 466தான் எடுத்தது. போட்டியை விலக்கியதில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன்; போட்டி செய்துவந்த கண்காணிப்பு வேலையை வேறு எதுவும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் கோளாறு. தொடர்வண்டிகள் கதையும் இதையே சொல்கிறது: 2021 பிப்ரவரியில் வேல்ஸ் அரசு தொடர்வண்டிச் சேவையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது, ஆனால் பயணிகள் வேறுபாட்டை உணர்ந்தது பழைய பெட்டிகள் போய்ப் புதியவை வரத் தொடங்கிய பிறகுதான். இங்கிலாந்தின் தொடர்வண்டி நிறுவனங்களை 2025 மே முதல் ஒவ்வொன்றாக அரசுடைமையாக்கிவரும் தொழிற்கட்சிக்கு, உரிமை மாற்றம் முதல் படி மட்டுமே என்ற இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முடியாது. வேல்ஸ் அரசின் வருவாயில் பெரும்பகுதி லண்டன் தரும் மொத்த மானியம். அதைப் பகிரும் பார்னெட் சூத்திரம் நெடுங்காலம் இங்கிலாந்தின் செலவையும் மக்கள்தொகையையும் பார்த்ததேயொழிய வேல்ஸின் தேவையைப் பார்க்கவில்லை; 2018இலிருந்துதான் தேவைக்கென்று ஒரு சிறு கூடுதல் சேர்க்கப்படுகிறது. இங்கிலாந்தில் 100 பவுண்டு செலவாகும் சேவைக்கு வேல்ஸில் 115 பவுண்டு வேண்டும் என்று ஹோல்தம் ஆணையம் 2010இல் கணக்கிட்டது. முழுக்க முழுக்க இங்கிலாந்துக்குள் ஓடும் எச்.எஸ்.2 அதிவேகத் தொடர்வண்டிப் பாதையை ‘இங்கிலாந்து, வேல்ஸ் திட்டம்’ என்று வகைப்படுத்தியதால், ஸ்காட்லாந்துக்குக் கிடைத்த ஈட்டுத்தொகை வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. இந்த முறையீடுகள் நியாயமானவை. எனினும் 2019 முதல் வருமான வரி விகிதத்தை மாற்றும் அதிகாரம் வேல்ஸின் கையிலும் இருக்கிறது. ஸ்காட்லாந்து தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி வசதியுள்ளோரிடம் கூடுதலாக வாங்க, கார்டிஃபில் இருந்த தொழிற்கட்சி அரசு ஒரு பென்னிகூட மாற்றவில்லை. உயர் வரி கட்டுவோர் குறைவு, எல்லையைத் தாண்டிக் குடியேறுவது எளிது என்பவை அரசு சொல்லும் காரணங்கள். கொடுப்பதில் இடதுசாரியாகவும் திரட்டுவதில் அடக்கமாகவும் இருந்த அரசு என்று இதைச் சொல்லலாம். எல்லா வரி அதிகாரமும் உள்ள லண்டன் அரசுக்கு இந்தச் சாக்கு கிடையாது என்பதால், வேல்ஸிலிருந்து அப்படியே பிரதியெடுக்கக் கூடாத அம்சம் இதுவாகும்.

2022இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கியெர் ஸ்டார்மர், நாடு முழுவதும் தொழிற்கட்சி என்ன செய்யும் என்பதற்கு வேல்ஸே முன்மாதிரி என்ற பொருளில் பேசினார். காத்திருப்போர் பட்டியலைக் காட்டி அந்தப் பேச்சைப் பழமைவாதக் கட்சியினர் அவர்மீதே திருப்பினார்கள். ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 2024 ஜூலையில், முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை மிக ஏழைகளுக்கு மட்டும் என்று அவருடைய அரசு சுருக்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதை இழந்தார்கள். மருந்துச்சீட்டு மேசையில் வேல்ஸ் இருபதாண்டுகளாகக் காட்டிவந்த பாடம் இதற்கு நேர் எதிரானது: எல்லோருக்கும் உரியதாக ஒன்றைத் தந்தால் அதைப் பறிக்கும் கட்சி விலை கொடுக்க நேரும், தகுதிக் கோடு கிழித்தால், கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் நலிந்தவர்கள் முதல் ஆளாக அடிபடுவார்கள். 2025 மே மாதத்தில் அப்போதைய முதல் அமைச்சர் எலினெட் மோர்கன் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு வெளிப்படையாகவே கேட்டார். அடுத்த மாதம் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு உதவித்தொகையைத் திரும்பத் தருவதாக லண்டன் அரசு அறிவித்தது. அதற்குள் கெட்ட பெயர் வந்து சேர்ந்துவிட்டது. காலை உணவை மட்டும் லண்டனில் ஆளும் தொழிற்கட்சி வேல்ஸிடமிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டது: 2025 ஏப்ரலில் இங்கிலாந்தின் 750 பள்ளிகளில் அதைச் சோதனையாகத் தொடங்கியது.

நல்ல கொள்கை வாக்குகளைத் தானே கொண்டுவந்துவிடும் என்ற நம்பிக்கையையும் வேல்ஸ் உடைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைத்தபோது, எதிர்ப்பு மனுவில் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். விபத்தில் காயமடைவோர் குறைந்ததைப் பின்னர் வந்த காவல்துறைப் பதிவுகள் காட்டியும் கோபம் தணியவில்லை. 2025 அக்டோபரில் தெற்கு வேல்ஸின் கேர்ஃபிலி இடைத்தேர்தலில், ஒரு நூற்றாண்டாகத் தன் கோட்டையாக இருந்த தொகுதியில் தொழிற்கட்சி 11 சதவீத வாக்குகளோடு மூன்றாம் இடத்துக்குப் போனது. ஆனால் அங்கு 47 சதவீதம் பெற்று வென்ற வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு என்ற திட்டத்தைத் தொழிற்கட்சியோடு ஒப்பந்தம் செய்து கொண்டுவந்த கட்சி. அது மருந்துக்குக் கட்டணம் வேண்டும் என்று கேட்டு வென்ற கட்சியன்று. இரண்டாம் இடம் 36 சதவீதத்தோடு வலதுசாரி ரிஃபார்ம் கட்சிக்குப் போனதையும் மறைப்பதற்கில்லை. என் கணிப்பில், கேர்ஃபிலி மக்களில் பெரும்பகுதியினர் திட்டங்களை வைத்துக்கொண்டு, அவற்றை நடத்தியவர்களை மட்டும் வெளியே அனுப்பினார்கள்.

வேல்ஸுக்குக் குடிவருவோருக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. எல்லையோர ஊர்களில் வேல்ஸில் வீடும் இங்கிலாந்தில் மருத்துவரும் அமைந்துவிட்டால், உள்ளூர்ச் சுகாதார வாரியத்திடம் உரிமை அட்டைக்கு விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இங்கிலாந்துச் சீட்டை வேல்ஸ் மருந்தகத்தில் நீட்டினால் கட்டணம் கேட்பார்கள். லண்டனில் ஆட்சி செய்யும் கட்சிக்கு என் பரிந்துரையும் இதே அளவு சிறியது. 60 கோடி பவுண்டை ஒரே நாளில் விட்டுக்கொடுக்க முடியாவிட்டால் போகட்டும். முதல் வேலையாக அந்த 1968ஆம் ஆண்டுப் பட்டியலைத் திறந்து ஆஸ்துமாவையும் பார்க்கின்சனையும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸையும் சேர்க்கட்டும். வேல்ஸ்கூடக் கட்டணத்தை ஒரே அடியில் ஒழிக்கவில்லை. 2001இல் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்கு அளித்து, 2004 முதல் மற்றவர்களுக்கான தொகையைப் படிப்படியாகக் குறைத்து, 2007இல்தான் சுழிக்குக் கொண்டுவந்தது.